கேட்டல் தேர்வுக்குப் பத்து வாரப் பயிற்சி

பாளையங்கோட்டையில் செவிலியராகப் பணிபுரியும் நான், பிரிட்டனில் பதிவு பெறுவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கில மொழித் தேர்வுக்குப் படித்து வருகிறேன். கேட்டல் தாளில் எனக்கு ஒன்பதுக்கு 7 என்ற தரப்புள்ளி வேண்டும். அதற்கு 40 கேள்விகளில் ஏறக்குறைய 30 சரியாக இருக்க வேண்டும். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். அரை மணி நேரத்தில் நான்கு பகுதிகளும் முடிந்துவிடும். முதல் மாதிரித் தேர்வில் நான் எடுத்தது 21.

நாளுக்கொரு மாதிரித் தேர்வு எழுதினால் மதிப்பெண் தானாக ஏறும் என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். இரவுப் பணி முடிந்து வந்த காலைகளிலும் விடாமல் இரண்டு வாரம் எழுதினேன். 22க்கு மேல் நகரவில்லை. தவறு எங்கே என்று பார்க்காமல் தேர்வை மட்டும் எழுதிக்கொண்டிருப்பது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் வெப்பமானியை மட்டும் வைத்து வைத்துப் பார்ப்பதற்குச் சமம்.

மூன்றாம் வாரத்தில், முதல் மாதிரித் தேர்வின் தாளையே மீண்டும் எடுத்து, தவறிய 19 விடைகளையும் வகை பிரித்தேன். சொல்லின் கடைசி ஒலியை விட்டவை 7, எண்களும் எழுத்துக்கூட்டிச் சொல்லும் பெயர்களும் 5, பேசுபவர் முதலில் ஒன்றைச் சொல்லிப் பின்னர் திருத்திக்கொள்வதைக் கவனிக்காதவை 4, நான்காம் பகுதி விரிவுரையில் இடம் தவறிப் போனவை 3. பொருள் தெரியாத சொல்லால் தவறியது ஒன்றுகூட இல்லை.

கடைசி ஒலி ஏன் விழுகிறது என்பதை எனக்குக் காட்டியது ஆச்சி. முருங்கைக்கீரை உருவிக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள்; நான் ஒலிப்பதிவை நிறுத்தி, எழுதியதை 'ஃபோர் டிக்கெட்' என்று வாய்விட்டு வாசித்தேன். "ஏட்டி, அவ கடேசில 'ஸ்'ஸுனுல்லா முடிச்சா, நீ அத விட்டுட்டியே" என்றார்கள். ஆங்கிலம் அறியாத ஆச்சிக்கு ஒலி மட்டுமே கேட்டது. எனக்கோ பொருள் புரிந்தவுடன் காது நின்றுவிட்டது. நாம் 'நாலு டிக்கெட் எடு' என்றுதான் சொல்லுவோம். எண் முன்னால் வந்துவிட்டால் 'கள்' தேவையில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தின் 'ஸ்'ஸையும் உதிர்த்துக்கொண்டிருந்தேன். தேர்விலோ 'டிக்கெட்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'டிக்கெட்' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

அன்றிலிருந்து முழுத் தேர்வை வாரத்திற்கு ஒன்றாகக் குறைத்துவிட்டு, நாள்தோறும் அரை நிமிட ஒலித்துண்டு ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு சொல் விடாமல் எழுதி, அச்சிட்ட உரையோடு ஒப்பிட்டேன். அரை நிமிடத் துண்டுக்குத் தொடக்கத்தில் முக்கால் மணி நேரம் ஆனது. 'அனவரனஹாஃப்' என்று கேட்ட ஒன்றை ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்து ஏழெட்டு முறை ஓடவிட்டேன். உரையைப் பார்த்தால் 'ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்', அதாவது ஒன்றரை மணி நேரம். மெய்யின் மேல் உயிர் ஏறும் என்று பள்ளியில் படித்த புணர்ச்சிதான் இங்கும் நடக்கிறது. கூடவே 'அண்ட்' தேய்ந்து வெறும் 'அன்' ஆகிவிடுகிறது. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கும் என்று காத்திருக்கிறோம். அந்த இடைவெளி பேச்சில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் எனக்குக் கேட்கத் தொடங்கியது.

எண்களில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் அழுத்தம் விழும் இடத்தை வைத்துப் பிரித்தேன்: பதின்மூன்றில் பின்பாதி நீண்டு ஒலிக்கும், முப்பதில் முன்பாதி அழுந்தும். ஆஸ்திரேலியர் சிலர் 'ஏ' என்ற எழுத்தைச் சொல்வது நமக்கு 'ஐ' போலக் கேட்கும். அதற்குத் தனியாக ஒரு வாரம் கொடுத்தேன். பணிக்குப் போகும் பேருந்தில் கேட்பதை நிறுத்திவிட்டேன். வண்ணார்பேட்டை நெரிசலில் ஓட்டுநர் அடிக்கும் ஹாரனுக்கிடையே கேட்டால் தெரிந்ததைத்தான் கேட்க முடிகிறது, தெரியாதது நழுவிவிடுகிறது.

ஆறாம் வாரம் 26, எட்டாம் வாரம் 29, நேற்று 31. நேற்றைய ஒன்பது தவறுகளில் கடைசி ஒலியால் வந்தது ஒன்றே. ஐந்து நான்காம் பகுதியில். அங்கே ஒரு விடை தவறியவுடன் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் இழக்கிறேன். வரும் வாரம் முழுவதும் விரிவுரைகளை மட்டும் எடுத்து, தவறிய இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாண்டப் பழகப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பணி என்பதால் அடுத்த முழுத் தேர்வு திங்கட்கிழமைதான்.