மோட்டார் மட்டும் வைஃபையில் வேண்டாம்

“நீ மீனுக்கு வேணாம்னு சொல்ற தம்பி. நான் இன்னா மீனுக்கா வாங்கினேன்?”

மீன் தொட்டி மோட்டாரை வைஃபை பிளக்கில் மாட்ட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, தண்டையார்பேட்டையில் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டது இது. குரலில் கோபம் இல்லை. கடையில் வாங்கிவந்த டீயை என் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டார். “மீனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதானே அண்ணா வருத்தப்படுவீங்க” என்றேன். தலையாட்டினார். பேச்சு அதோடு முடிந்தது. அவர் அதை மறந்தே போயிருப்பார். எனக்குத்தான் இன்னும் முடியவில்லை.

வைஃபை சாமான்களோடு மல்லுக்கட்டுவது, வீடு வீடாகப் போய் மீன் தொட்டி பராமரிக்கிற நம் தொழிலில் இப்போது பாதி வேலை ஆகிவிட்டது. கொளத்தூர் மீன் கடைகளில் லைட், மோட்டார், தீனி போடும் பெட்டி எல்லாமே போனில் இயக்குகிற மாதிரி வருகின்றன. மாட்டும்போது நன்றாக வேலை செய்யும். நாம் வண்டியை எடுத்துக்கொண்டு மூலக்கடை தாண்டுவதற்குள் “தம்பி, ஆஃப்லைன்னு காட்டுது” என்று போன் வரும்.

அந்த அண்ணன் வீட்டில் கட் ஆவதற்கு எல்லாக் காரணமும் ஒன்றாகக் கூடியிருந்தது. நாலடித் தொட்டி கீழே முன் அறையில். ரூட்டர் மாடியில், பையன் படிக்கிற அறையில். போனில் ஆன், ஆஃப் செய்கிற ஸ்மார்ட் பிளக் தொட்டிக்கு அடியில், சுற்றிலும் இரும்புத் தகடு அடித்த ஸ்டாண்டுக்குள். அதற்கு மேல் 250 லிட்டர் தண்ணீர். இந்த மாதிரிச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே அலைவரிசையில்தான். தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும், இரும்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும். போதாததற்கு, அந்தத் தெருவில் நின்று வைஃபை தேடினால் பக்கத்து வீட்டுப் பெயர்கள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். அத்தனை வீடும் அந்த மூன்றுக்குள்தான் பிழைக்க வேண்டும்.

அப்புறம் கரண்ட். போய் வந்தால் பிளக் சில நொடிகளில் தயாராகிவிடும். ரூட்டர் நெட்டைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். சில மாடல்கள் அதற்குள் தேடிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடும். யாராவது பிடுங்கி மாட்டினால்தான் மறுபடியும் தேடும்.

இதெல்லாம் லைட்டோடு நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். லைட் ஒரு நாள் எரியாவிட்டால் ஆஸ்கார் மீனுக்கு ஒன்றும் ஆகாது. அவர் பில்டர் மோட்டாரையும் அந்த பிளக்கில் மாட்டியிருந்தார்.

ஏன் மாட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். ஹார்பரில் வேலை, வாரா வாரம் ஷிப்ட் மாறும். நைட் ஷிப்டில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போனில் தொட்டியின் கேமராவைத் திறப்பார். டாப் பில்டரிலிருந்து தண்ணீர் கொட்டுவதால் மேல்பரப்பு ஆடிக்கொண்டே இருக்கும், வெளிச்சமும் சேர்ந்து ஆடும், மீன் சரியாகத் தெரியாது. ஆப்பில் மோட்டாரை நிறுத்துவார். தண்ணீர் அடங்கும். வீட்டில் தீனி போடும்போதும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போடுவதுதான் அவர் வழக்கம். அதனால் சத்தம் நின்றாலே இரண்டு ஆஸ்காரும் முன் கண்ணாடியை ஒட்டி வந்து நிற்கும். கேமரா இருப்பதும் அங்கேதான். பதிவாகியிருந்த ஒரு இரவை எனக்குப் போட்டுக் காட்டினார். இருட்டு ஹாலில் அந்தத் தொட்டி மட்டும் வெளிச்சமாக இருக்க, இரண்டும் வந்து கேமராவைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடின. “கூப்ட்டா வருது பாரு” என்றார். வேலையிடத்திலிருந்து அவர் கூப்பிடுகிறார், தண்டையார்பேட்டையில் அது வருகிறது. அந்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்த பிறகும்தான் மோட்டாரைக் கழற்றச் சொன்னேன்.

சிக்கல் என்னவென்றால், நிறுத்து என்பது போய்ச் சேரும், ஓடு என்பது சில நாள் போகாது. வெளியிலிருந்து போனில் அமுக்குவது நேராக வீட்டுக்கு வருவதில்லை. எங்கேயோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து வீட்டு ரூட்டருக்கு வந்து, கடைசியில் அந்த இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் பிளக்கைத் தொட வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மோட்டார் நின்றது நின்றதுதான்.

ஆனாலும் மீன் எதுவும் சாகவில்லை. ஏன் சாகவில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார்: “மோட்டார் சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துடுது தம்பி. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துப் பாப்பேன். திரும்ப ஓடலன்னா வந்து பட்டனை அமுக்கிட்டுப் போவேன். நெட்டு வந்து தானா ஓடுதுன்னு அவரு நினைச்சுக்கினு கீறாரு.” குறையாகச் சொல்லவில்லை. கூடவே, “அவர்கிட்ட சொல்லிக்கினு இருக்காத” என்றும் சொன்னார்.

அண்ணன் டீயோடு வந்தார். நான் மீனைப் பற்றிப் பேசினேன். வேறு எதைப் பேச முடியும்?

நான் சொன்னது பொய் இல்லை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 8.2 மில்லிகிராம் அளவுக்கு ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். மே மாதம் நம் வீடுகளில் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். பெரிய ஆஸ்கார் இரண்டு உள்ள தொட்டியில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் கிடந்தால் மூச்சுக்குத் தவிக்கும். மீன் தாங்கினாலும், மீன் கழிவில் வரும் அம்மோனியாவைக் குறைக்கிற பில்டர் பாக்டீரியா தாங்காது. ஆக்ஸிஜன் இல்லாமல் அது சாக ஆரம்பித்தால் அம்மோனியா ஏறும். நாலு நாள் கழித்து மீன் சாகும்போது யாருக்கும் காரணம் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அன்று மீனைக் காப்பாற்றியது பேட்டரி ஏர் மோட்டாரும், மக்கில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்த வீட்டு ஆட்களும்தான். அதைப் பார்த்த எவனும் மோட்டாரைப் போனை நம்பி விடமாட்டான். இதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அவர் கேட்டது அது இல்லையே. மீனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதைப் படித்துத்தான் இந்தத் தொழிலில் நிற்கிறேன். தொட்டியை வைத்திருக்கிற மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இரவில் விழித்திருக்கும் ஒருவர் வீட்டில் தமக்காக ஒன்று விழித்திருப்பதைப் பார்க்கிறார். அதற்குத்தான் காசு கொடுத்தார். பில்டர் அவருக்கு இரண்டாம் பட்சம். அதை நான் ஆபத்து என்று மட்டும் பார்த்தது சரியா?

சரி, அதற்காக அண்ணி தூக்கம் கெட வேண்டுமா என்றும் தோன்றுகிறது. அதைச் சொல்லியிருந்தால் அவர் மறுபேச்சு இல்லாமல் அந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. சொல்லாதே என்று அண்ணி கேட்டுக்கொண்ட பிறகு எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருந்ததால் என் பேச்சு முழுக்க மீன் மீன் என்றே போனது. அவருக்கு நான் மீனுக்கு வக்காலத்து வாங்க வந்தவன் மாதிரி தெரிந்திருப்பேன்.

அன்று மோட்டாரை நேராக ஸ்விட்ச் போர்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் தடுக்கவில்லை. பேசிய பணத்தையும் குறைக்காமல் கொடுத்தார். அடுத்த முறை தண்ணீர் மாற்றப் போனபோது மோட்டார் மறுபடியும் பிளக்கில் இருந்தது. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொட்டியைக் கழுவி முடித்தேன். அப்புறம் நானாகவே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்டாண்டுக்குள்ளிருந்து எடுத்து வெளியே சுவரில் ஸ்குரூ போட்டு மாட்டினேன். ரூட்டரில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்தேன். கரண்ட் போய் வந்தால் பிளக் ஆன் நிலையில்தான் எழ வேண்டும் என்று மாற்றினேன். நிறையப் பேர் பார்க்காமல் விடுகிற செட்டிங் இது. ராத்திரி ஒவ்வொரு அரை மணிக்கும் ‘ஆன்’ என்று டைமர் போட்டேன். அந்த மாடலில் டைமர் பிளக்குக்குள்ளேயே பதிந்துவிடும், நெட் இல்லாவிட்டாலும் மணி பார்த்து வேலை செய்யும். மோட்டார் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது. நின்று கிடந்தால் அதிகபட்சம் அரை மணியில் ஓடிவிடும். வைஃபையில் மோட்டாரே கூடாது என்று சொன்னவன் உட்கார்ந்து இவ்வளவும் செய்தேன்.

இதற்கு முன் அவரிடம் வேறொரு யோசனையும் சொல்லிப் பார்த்தேன். தினமும் 2 மணிக்கு நிற்கவும் 2:05-க்கு ஓடவும் பிளக்கிலேயே போட்டுவிடலாம், போனில் அமுக்கவே வேண்டாம் என்றேன். “டைம் ஆச்சுன்னா வர்றதுக்கு நான் எதுக்கு தம்பி?” என்றார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

இப்போது மீனுக்கு ஆபத்து குறைந்துவிட்டது. அண்ணனுக்கும் அவர் கேட்டது இருக்கிறது. ஆனால் அண்ணி எழுந்திருப்பது மோட்டார் நின்ற உடனே. அரை மணியில் தானாக ஓடும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் படுத்த இடத்திலேயே காத்துக்கொண்டு விழித்துத்தான் இருப்பார். டைமர் போட்ட அன்று அண்ணி வீட்டில் இல்லை. மற்ற வீடுகளில் மோட்டாரை மட்டும் வைஃபையில் மாட்டாதீர்கள் என்றுதான் இன்றும் சொல்லி வருகிறேன். அடுத்து அங்கே போகும்போது அரை மணி டைமரைப் பற்றி அண்ணியிடம் சொல்ல வேண்டும். அண்ணன் முன்னால் சொல்ல முடியாது, அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.