ஏற்காட்டுத் தோட்டப் பாதைக்கு ஒரு பலகைச் சுழல்தட்டு

பகோடா முனையில் நின்று கைப்பேசியைக் கையாலேயே திருப்பி நல்ல அகலப்படம் (பல படங்களை இணைத்த பனோரமா) எடுத்துவிடலாம். அங்கே காண்பவை எல்லாம் தொலைவில் இருப்பதால், கை சற்று விலகினாலும் படங்கள் பொருந்திவிடும். காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் இது நடப்பதில்லை. ஓர் எட்டில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக், அதன் பின்னே வேறு மரங்கள், அவற்றுக்கும் அப்பால் மலைச்சரிவு என்று அடுக்கடுக்காக நிற்கும் இடத்தில், லென்ஸ் சில சென்டிமீட்டர் இடம்பெயர்ந்தாலே அருகிலுள்ள மரம் இணைத்த படத்தில் இரண்டாகத் தெரியும். ஆகவே லென்ஸையே அச்சாகக் கொண்டு சுழலும் தட்டு ஒன்றைச் செய்தேன்.

12 மி.மீ. பிளைவுட் துண்டில் இரண்டு வட்டங்களை அறுத்து, நடுவே போல்ட் கொடுத்து, முக்காலியில் பொருத்தினேன். கவராயத்தில் வட்டத்தின் ஆரத்தை எடுத்துப் பரிதியில் வைத்துக்கொண்டே போனால் சரியாக ஆறு பங்காகும். ஒவ்வொரு பங்கையும் பாதியாக்கி, 30 பாகைக்கு ஒன்றாக 12 குழிகள் இட்டேன். மேல்தட்டில் பேனா ஸ்பிரிங்கும் அதன் நுனியில் சைக்கிள் பால்ரஸும் இருப்பதால், ஒவ்வொரு குழியிலும் தட்டு தானாகவே நிற்கிறது. பழைய ரசமட்டத்திலிருந்து எடுத்த கண்ணாடிக் குழாயை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.

கைப்பேசியின் லென்ஸ் மூலையில் இருப்பதால், அலுமினிய ஆங்கிளில் அதை நெடுக்காக நிறுத்தி, லென்ஸ் போல்ட்டுக்கு நேர் மேலே வரும்வரை நகர்த்த வேண்டும். ஒரு மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, அதற்கு நேராகத் தெருக்கோடி விளக்குக் கம்பத்தை வைத்துப் பார்க்கலாம்: படத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பியும் நூலும் கம்பமும் பிரியாவிட்டால், இடம் சரி. இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

35 மி.மீ. பிலிம் கேமரா அளவுகோலில் 26 மி.மீ. குவியத்தூரத்துக்கு நிகரான கைப்பேசி லென்ஸ் நெடுக்குவாக்கில் ஏறத்தாழ 53 பாகை அகலம் பிடிக்கும் என்பதால், 30 பாகைக்கு ஒரு படம் எடுத்தால் அடுத்தடுத்த படங்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியும். மர நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் பாதையில் ஒளியளவு, வெண்சமநிலை (நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ்), குவியம் (ஃபோகஸ்) மூன்றையும் பூட்டிவிட வேண்டும். இலவச மென்பொருளான ஹூகின் இப்போது அடிமரங்களைப் பிசிறின்றி இணைக்கிறது. மூடுபனி நகரும் காலையில் மட்டும் ஒரே சுற்றை நம்பாமல், உடனே மறுசுற்றும் எடுத்து, அவற்றில் ஒத்துவரும் படங்களைத் தேர்ந்துகொள்கிறேன். காலடித் தரை இன்னும் படத்துக்குள் வரவில்லை; அதற்காக, லென்ஸ் நிலை மாறாமல் கீழ்நோக்கிச் சாயும் இரண்டாவது ஆங்கிளை அறுத்துக்கொண்டிருக்கிறேன்.