பிக்கப்புக்கு டயர் வாங்கப் போறவங்க சைஸோட நிறுத்திக்காதீங்க

போன சித்திரையில, அக்னி நட்சத்திரம் பொறக்க ரெண்டு நாள் இருக்கு, சின்னமனூர்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டு நானும் சித்தப்பாவும் மதுரைக்கு வந்துக்கிட்டு இருந்தோம். மத்தியானம் ரெண்டு மணி வெயில். ஆண்டிபட்டி கணவாய் எறங்கி உசிலம்பட்டியும் தாண்டியாச்சு, செக்கானூரணிக்கு கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்னாடி டப்புனு ஒரு சத்தம், வண்டி இடது பக்கமா இழுத்துச்சு, நல்லவேளை பின்னாடி பஸ்ஸு எதுவும் வரல, ஸ்டியரிங்க கெட்டியா புடிச்சு பிரேக்க மெதிக்காம அப்படியே ஓட்டி ஓரங்கட்டிட்டேன். எறங்கிப் பாத்தா எடது பின் டயரு மேல்பட்டை அப்படியே உரிஞ்சு பாய் மாதிரி தொங்குது, ரப்பர் கருகுன வாடை. வலது பின் டயர தொட்டுப் பாத்தேன், உள்ளங்கைய ரெண்டு செகண்டு கூட வைக்க முடியல.

அந்த டயர் பழசெல்லாம் இல்ல. ரோட்டுல படுற பட்டன் தேயாம முக்காவாசிக்கு மேல இருந்துச்சு. அதான் எனக்குப் புரியவே இல்ல. பஞ்சர் கடையில இருந்து வந்த பெரியவர் கழட்டும்போதே டயர் ஓரத்த தொடைச்சுப் பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, இது கார் டயரு. இதப் போட்டா லோடு அடிக்கிறீங்க?"

வண்டி நான் செகண்ட்ஹேண்ட்ல வாங்குனது. வித்தவர் "நாலும் புது டயரு"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு, சைஸும் பாத்தேன், 215/75 ஆர்15, வண்டிக்கு என்ன சைஸோ அதே தான். ஆனா அதே சைஸுல கார் வகையும் இருக்கு, லோடு வண்டிக்குன்னு எல்டி வகையும் இருக்கு. வெளிய பாத்தா ரெண்டும் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே ரிம்முல உக்காரும். வித்தியாசம் சைஸுக்கு அடுத்தாப்ல எழுதியிருக்க நம்பர்ல தான் இருக்கு. எங்கிட்ட இருந்ததுல 100 எஸ்னு போட்டிருந்துச்சு, அத நான் ஒருநாளும் கவனிச்சதே இல்ல.

அந்த 100 தான் லோடு இண்டெக்ஸ். 100னா நூறு கிலோ இல்லங்க, ஒரு டயரு அதிகபட்சம் 800 கிலோ தாங்கும்னு அர்த்தம். 102னா 850, 104னா 900, 106னா 950, 108னா 1000. நம்ம பிக்கப்புக்கு வேண்டிய ஏரியாவுல ரெண்டு நம்பர் ஏறுனா 50 கிலோ ஏறுதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க, 110ல இருந்து இந்த கணக்கு மாறும், 110னா 1060. சில டயர்ல 102/100னு ரெண்டு நம்பர் இருக்கும், மொத நம்பர் ஒத்த டயரா ஓடுறதுக்கு, ரெண்டாவது பின்னாடி ஜோடி ஜோடியா மாட்டுற வண்டிக்கு. நம்மளுக்கு மொத நம்பர் தான். அதுக்கப்புறம் வர்ற எழுத்து வேகத்துக்கு, கியூன்னா 160, எஸ்னா 180, லோடு வண்டிய யாரும் அம்புட்டு வேகம் ஓட்டப் போறதில்ல, அத விட்ருவோம்.

பிஆர்னு ஒண்ணு சொல்வாங்க, பிளை ரேட்டிங், 8பிஆர், 10பிஆர்னு. 8பிஆர்னா உள்ள எட்டு அடுக்கு இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது நூல் துணி வச்சு டயர் செஞ்ச காலத்துக் கணக்கு, இப்ப வர்ற ரேடியல்ல கம்பி இருக்கு, அடுக்கு கம்மியா இருந்தாலும் அந்த பலம் இருக்குன்னு அந்தப் பேர வச்சிருக்காங்க. எல்டி டயர்ல சில கம்பெனி சி, டி, இ-ன்னு எழுத்து போடும், சி-ன்னா 6பிஆர், டி-ன்னா 8, இ-ன்னா 10. கடையில பிஆர் மட்டும் சொன்னா அதோட விட்ராதீங்க, இண்டெக்ஸ் நம்பரையும் கண்ணால பாத்துருங்க.

சரி, என் வண்டிக்கு எம்புட்டு வேணும்? இதுக்கு பதில் எனக்கு எடை மேடையில தான் கெடைச்சுச்சு. நாங்க கிலோ கணக்குல ஏத்துறதே இல்ல, தார் கணக்கு தான். 90 தார் ஏத்துவோம், இத்தனை வருசமா அதே தொண்ணூறு. மழை நல்லா பேஞ்ச வருசம் தாரு கனமா இருக்கும், அப்பவும் தொண்ணூறு தான். அடுத்த நடையில லோடோட எடை மேடைக்குப் போயி, மொதல்ல முன் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி ஒரு தடவை, அப்புறம் வண்டிய முழுசா ஏத்தி ஒரு தடவை எடை போடச் சொன்னேன். அங்கிருந்த தம்பி "எதுக்குண்ணே ரெண்டு தடவை"ன்னு கேட்டான், வெவரம் சொன்னதும் அவனே பொறுமையா முன்னப்பின்ன நகட்டி நிறுத்த வச்சு போட்டுக் குடுத்தான்.

மொத்தம் 2,910 கிலோ. முன்னாடி 1,020. அப்ப பின்னாடி மட்டும் 1,890. வண்டி காலியா இருக்கும்போது பின்னாடி 760 தான். அதாவது நம்ம ஏத்துற சரக்குல கிட்டத்தட்ட எல்லாமே பின் சக்கரத்து தலையில தான் எறங்குது. மொத்த எடைய நாலால வகுத்துப் பாத்தா ஒரு டயருக்கு 727 கிலோ தான் வருது, 800 டயர் போதுமேன்னு தோணும், நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். ஆனா நெசத்துல பின் டயர் ஒவ்வொண்ணுலயும் 945 கிலோ. 800 தாங்குற டயர் மேல 945. அதுலயும் கார் டயர பிக்கப்ல மாட்டுனா அதோட எடை அளவ 1.1ஆல வகுத்துத்தான் எடுத்துக்கணும்னு அமெரிக்காவுல விதியே இருக்கு, ஏன்னா லோடு வண்டியில குலுக்கலும் அடியும் ஜாஸ்தி. அப்படிப் பாத்தா என் டயர் 727 கிலோவுக்குத் தான் லாயக்கு. இத்தனை நாள் அது தாங்குனதே பெரிய விசயம்.

தாங்காம போறதுக்கு காரணம் சூடு தான். டயரு ஒவ்வொரு சுத்துலயும் கீழ அமுங்கி மேல நிமிருது, எடை கூடக் கூட, காத்து குறையக் குறைய அந்த அமுங்கல் ஜாஸ்தி, அமுங்கி நிமிர்றப்ப ரப்பர் உள்ளுக்குள்ள சூடாகுது, சூட்டுல கம்பியும் ரப்பரும் ஒட்டு விட்டுரும். கீழ தார் ரோடு கொதிக்கிற சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். கார் டயர்ல நான் வச்சிருந்த காத்து 36 பிஎஸ்ஐ. எல்டி 8பிஆர் டயர்ல ஓரத்துல அதிகபட்ச எடையும் அதுக்கு வேண்டிய காத்தும் சேத்தே எழுதியிருக்கும், நான் அப்புறம் வாங்குனதுல 950 கிலோவுக்கு 65. எல்டி வாங்கி மாட்டிட்டு பழைய பழக்கத்துல 36 வச்சா 950 தாங்காது, அந்த எடைய தாங்குறதே உள்ள இருக்க காத்து தான், டயரு அத புடிச்சு வச்சிருக்க பை. வெயில் காலத்துல காத்த கம்மியா வைங்கன்னு சில எடத்துல சொல்றாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க, சூடு இன்னும் ஏறத்தான் செய்யும். காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி டயர் குளுந்து இருக்கப்பவே பாத்து வைங்க. வழியில சூடா இருக்கப்ப கேஜ்ல கூட காட்டுதுன்னு எறக்கவும் வேணாம்.

106 நம்பர் எல்டி நாலு வாங்குனேன். முன் சக்கரத்துக்கு 100 நம்பரே போதும் தான், ஆனா முன்ன ஒரு ஜாதி பின்ன ஒரு ஜாதி மாட்டுனா வண்டி வளைவுல ஒரு மாதிரி போகும், அதுவுமில்லாம டயர இடம் மாத்தி மாட்டவும் முடியாது. தேதியும் பாத்து வாங்குனேன், ஓரத்துல நாலு எண்ணு இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம்.

இப்ப பாருங்க, 945 கிலோவுக்கு 950 டயர். அஞ்சு கிலோ தான் மிச்சம். ஒரு பள்ளத்துல எறங்குனாலோ, சரக்கு ஒரு பக்கமா சாஞ்சாலோ அது போயிரும். கடைக்காரர் இதவிட பெரிய நம்பர்ல வேற சைஸ் போடலாம்னு யோசனை சொன்னாரு. அப்பத்தான் ஆர்சிய எடுத்து லேடன் வெயிட்ட, அதான் சரக்கோட சேத்து வண்டி இருக்கலாம்ங்கிற அதிகபட்ச எடைய பாத்தேன், 2,820. நான் 90 கிலோ கூடவே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். எம்புட்டு பெரிய டயர் மாட்டுனாலும் அந்த 2,820 மாறாது, ஆக்சிலும் பிரேக்கும் ஸ்பிரிங் பட்டையும் பழசு தானே. புடிச்சா ஓவர்லோடுக்கு 20,000 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, 2019 சட்டத்திருத்தத்துல இருந்து அப்படி.

அதனால தார எண்பதா கொறச்சேன். சித்தப்பாவுக்கு வருத்தம் தான், "பத்து தாரு காசுடா, நடைக்கு நடை விடுறோம்"னாரு. அடுக்குறதையும் மாத்துனோம், முந்தியெல்லாம் பின் டோர் வரைக்கும் கனமான தார நீட்டி வைப்போம், இப்ப பெருந்தாரெல்லாம் கேபின ஒட்டி, சின்னது பின்னாடி. திரும்ப எடை போட்டப்ப மொத்தம் 2,780, பின்னாடி 1,750. ஒரு டயருக்கு 875. சித்தப்பா அந்தச் சீட்ட வாங்கி ரெண்டு தடவை படிச்சுட்டு மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், ஸ்டெப்னி. நாலையும் மாத்திட்டு அத விட்டுட்டேன், அதுல இன்னும் அந்த 100 எஸ் தான் கெடந்துச்சு. நடு ரோட்டுல பின் டயர் போனா அத மாட்டிக்கிட்டுத்தான் லோடோட மதுரை வரைக்கும் வரணும். அடுத்த மாசம் வாடகை வந்ததும் மொத வேலையா அதையும் 106ஆ மாத்துனேன்.