கடை சாத்தினால்தான் தெரியும் படம்

ஓவியர் ஜகுச்சூவைப் பற்றி அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்விதான். "அப்புறம் அந்த மனுசன் கடைப் பக்கம் எட்டியே பாக்கலியா?" நான் இல்லை என்றேன். தெரியாமல் சொல்லியிருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன்.

கியோட்டோவுக்கு வரும் நம் ஊர்க்காரர்களை நிஷிகி சந்தைக்குள் அழைத்துப் போகும்போது ஓவியர் இட்டோ ஜகுச்சூவுக்கு நான் ஒதுக்குவது 3 நிமிடம். 1716இல் பிறந்தவர். இந்தச் சந்தையின் காய்கறி மொத்த வியாபாரிக்கு மூத்த பிள்ளை. 23 வயதில் அப்பா போய்விட, கடை இவர் தலையில். 40 வயதில் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வரைய உட்கார்ந்துவிட்டார். வீட்டிலேயே கோழி வளர்த்து, அதன் நடையையும் இறகையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். சேவல், மீன், பூச்சி, பனி என்று 30 பட்டுச் சுருள்கள். ஏறக்குறைய பத்து வருட வேலை. ஷோகோகுஜி கோயிலுக்குக் காணிக்கை.

அந்தச் சந்தைக் கடைகளின் ஷட்டர்களில் அவர் படங்கள் உண்டு. "எங்க, ஒண்ணையும் காணோமே?" என்றார் அண்ணாச்சி. கடை சாத்தினால்தான் தெரியும் என்றேன். "சரிதான், கடையைச் சாத்தச் சொல்லுதீய" என்று சிரித்தார். அவரும் காய்கறி மண்டிக்காரர். பக்கத்தில் அவர் மகன், கையில் படம் வரையும் நோட்டு. பையன் மண்டிக்கு வர மாட்டேன் என்கிற புலம்பலை ரயிலிலேயே கேட்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

நடந்தது வேறு. கடையை விட்டு 16 வருடம் கழித்து, 1771இல், போட்டிச் சந்தைக்காரர்களால் நிஷிகியை மூடும் நிலை வந்தது. தெருப் பெரியவராக முன்னால் நின்றவர் ஜகுச்சூதான். அதிகாரிகளிடம் அலைந்து 1774இல் சந்தையை மீட்டார். சித்திரம் தவிர எதிலும் நாட்டமில்லாதவர் என்று அவருடைய துறவி நண்பர் டைட்டென் எழுதியதையே பல காலம் நம்பினார்கள். எனக்கு இரண்டும் தெரியும்.

பேருந்து காத்திருந்தது, உண்மை. ஆனால் சந்தை மீண்ட கதைக்கு அரை நிமிடம் போதும். "ஆமாம், திரும்பி வந்தார்" என்றால் அப்பா அதைப் பிடித்துக்கொள்வார், பையன் மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். ஒரு பிள்ளைக்காகச் சொன்னது என்று சமாதானம் செய்துகொள்கிறேன். அவர்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார் என்றும் தோன்றுகிறது. ஒருவேளை அந்த அப்பாவுக்கு வேண்டியிருந்ததே அதுதானோ? போகிறவன் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை, சந்தைக்கு ஆபத்து என்றால் வந்து நிற்பான் என்கிற சேதி? அதைத்தான் அமுக்கிவிட்டேனோ?

அன்று மாலை, புத்தரின் பரிநிர்வாணக் காட்சியைக் காய்கறிகளாக ஜகுச்சூ வரைந்த படத்தைக் கைபேசியில் காட்டினேன். கூடைமேல் புத்தராக ஒரு முள்ளங்கி சாய்ந்திருக்கும். சுற்றிலும் மற்றக் காய்கள் துக்கத்தில். அண்ணாச்சி வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார். "மண்டியில நின்னவன்தான் இப்படிப் போடுவான்" என்றவர், கைபேசியை மகனிடம் நீட்டாமல் என்னிடமே தந்தார்.

இப்போதெல்லாம் 1771 கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குள் பாதிப்பேர் ஊறுகாய்க் கடைக்கு நகர்ந்திருப்பார்கள். அண்ணாச்சி கேட்டதை அதன்பின் யாரும் கேட்கவில்லை.