கடைசித் தேர்வுக்கு முன்பே காலாவதியாகும் பாடநூல்: மின்நூல் சந்தாவில் படிப்பவர்களுக்கு

செமஸ்டர் தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. மறுதேர்வு எழுத வேண்டியவர்கள் முதலில் மின்நூல் சேவையின் கணக்குப் பக்கத்தைத் திறந்து, சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். தேறியவர்கள் அதே பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள். பணம் கட்டிய நாளிலேயே அதை நிறுத்தினாலும், கட்டிய காலம் முடியும்வரை நூல் பொதுவாகத் திறந்துதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் தேதிக் கணக்கு. பல சேவைகள் ‘ஒரு செமஸ்டர்’ என்று விற்பது 4 மாதம், அதாவது 120 முதல் 123 நாள். 16 வார வகுப்பும் 2 வாரத் தேர்வும் சேர்ந்தால் 126 நாள். வகுப்பு தொடங்கும் அன்றே பணம் கட்டினாலும் கடைசி சில நாள் கையை விட்டுப் போகும். உதாரணமாக, வகுப்புக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும் என்று ஆகஸ்ட் 5 அன்று சந்தாவைத் தொடங்கினால் டிசம்பர் 5 அன்று நூல் மூடிக்கொள்ளும். தேர்வோ டிசம்பர் 8-இல் தொடங்கும். அக்கறையோடு முந்திக்கொண்டவர்தான் இதில் மாட்டுகிறார் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகவே கடைசித் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மறுதேர்வுக்கு வாய்ப்புள்ள கடினமான தாள் என்றால் மறுதேர்வுத் தேதியிலிருந்து எண்ணுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு நூலகப் பிரதியோ, சில தளங்கள் தரும் 14 நாள் தற்காலிக அனுமதியோ போதும். அதற்குப் பிறகு பணம் கட்டலாம். இடையில் ஒரு மாதம் மட்டும் நீட்டிக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். பியர்சன் பதிப்பகத்தின் மின்நூல் சேவையான பியர்சன் பிளஸ் 2021-இல் தொடங்கியபோதே ஒற்றை நூலுக்கு மாதக் கட்டணம் என்று சொன்னாலும், குறைந்தபட்சக் காலம் 4 மாதம் என்று வைத்தது.

அடுத்தது குறிப்புகள். சந்தா முடிந்தால் நூலோடு உங்கள் கோடிட்ட வரிகளும் பூட்டிய அறைக்குள் போய்விடும். ஏற்றுமதி செய்துகொள்ளலாமே என்றால் அங்கும் ஒரு தடை உண்டு: வெளியே எடுக்கக்கூடிய மூல வாசகத்துக்குப் பதிப்பகம் வரம்பு வைக்கலாம். கிண்டிலில் வரம்பைத் தாண்டிய வரிகள் ஏற்றுமதிக் கோப்பில் முழுதாக வராது. மஞ்சள் மஞ்சளாய்ப் பத்தி பத்தியாகக் கோடிட்டவருக்கு, தேர்வுக்கு முந்தின வாரம் கிடைப்பது பாதிக் கோப்புதான்.

இதற்கு ஒரே வழி: கோடு ஒரு சொல்லுக்கோ ஒரு சொற்றொடருக்கோ மட்டும். அதன்மேல் குறிப்புப் பெட்டியைத் திறந்து, சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். அந்த வரம்பு நூலின் வாசகத்துக்குத்தான். நீங்கள் எழுதியது உங்களுடையது. ஒவ்வொரு அலகு முடிந்ததும் ஏற்றுமதி செய்யுங்கள், கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சூத்திரங்கள் பல மின்நூல்களில் படமாகத்தான் இருக்கின்றன. தேடினாலும் சிக்காது, ஏற்றுமதியிலும் வராது. அவற்றைத் தனித்தாளில் கையால் எழுதிவிடுங்கள்.

திறந்த நூல் தேர்வு எழுதுபவர்கள் கவனிக்க: தேர்வின்போது மற்றச் செயலிகளைத் தடுக்கும் ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர் போன்ற பூட்டு உலாவி இயங்கும்போது அதே கணினியில் மின்நூல் செயலி திறக்காது. நூல் திறந்திருக்கலாம் என்று விதி சொல்லும், கணினி விடாது. எனவே இரண்டாவது கருவிக்கு அனுமதி உண்டா, அச்சுத்தாள் வைத்துக்கொள்ளலாமா என்று முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அச்சுக்கும் பல நூல்களில் பக்க வரம்பு உண்டு. அட்டவணைகளுக்கும் பின்னிணைப்புகளுக்கும் அதைச் சேமித்து வையுங்கள். பாட விளக்கத்துக்குச் செலவழிக்க வேண்டாம்.

வாங்குமுன் சரிபார்க்க:

- பதிப்பு எண். மின்நூலின் 13 இலக்க ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) அச்சு நூலின் எண்ணிலிருந்து வேறுபடும். அதனால் பதிப்பு, ஆசிரியர்கள், அத்தியாய வரிசை மூன்றையும் ஒப்பிடுங்கள். சர்வதேசப் பதிப்பில் பயிற்சிக் கணக்குகளின் எண்கள் மாறியிருந்தால் வீட்டுப்பாடம் முழுக்கத் தப்பாகும்.
- வீட்டுப்பாடத் தளம் சேர்ந்ததா. பியர்சன் பிளஸ் நூல் சந்தாவில் அதன் வீட்டுப்பாடத் தளமான மைலேப் வராது. சென்கேஜ் பதிப்பகம் 2018-இல் கொண்டுவந்த சென்கேஜ் அன்லிமிடெட் சந்தாவில் அதன் வீட்டுப்பாடத் தளங்களான மைண்ட்டேப், வெப்அசைன் அடங்கும். அதே நிறுவனத்தின் நூல்-மட்டும் திட்டத்தில் அடங்காது. அகமதிப்பீட்டு மதிப்பெண் அந்தத் தளத்தில்தான் என்றால் மலிவான திட்டம் வீண்.
- எத்தனை நூல் ஒரே பதிப்பகம். ‘அனைத்தும் அடங்கும்’ என்பது பெரும்பாலும் அந்தப் பதிப்பகத்தின் அனைத்தும்தான். அதில் உங்களுக்கு ஒரு நூல் மட்டுமே என்றால் தனியாக எடுங்கள்.
- எத்தனை கருவி. வைட்டல்சோர்ஸ் புக்‌ஷெல்ஃப் என்ற மின்நூல் செயலியில் வழக்கமாக 2 கணினி, 2 கைக்கருவி. பழைய போனை நீக்காவிட்டால் புதியதில் இறக்க முடியாமல் போகும்.

இறக்கியாயிற்று என்று திரை காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். விமானப் பயன்முறையைப் போட்டு, கடைசி அத்தியாயத்துக்குப் போய், ஒரு படத்தைப் பெரிதாக்கி, ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். சில செயலிகள் அத்தியாயம் அத்தியாயமாகத்தான் இறக்கும். காணொளியும் ஊடாடும் வினாக்களும் பெரும்பாலும் இணையம் இல்லாமல் ஓடாது.

தேடல் பெட்டியையே நம்பிப் படிப்பவர்களுக்கு ஒன்று. ‘சமநிலை’ என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். நூலின் பின்பக்கச் சொல்லடைவைத் திறந்தால் முக்கியமான நாலைந்து இடங்கள் மட்டும் இருக்கும். பக்க எண்ணும் எழுத்தளவுக்கு ஏற்ப மாறக்கூடியது. குறிப்பில் 7.3 என்று பிரிவு எண்ணை எழுதுங்கள், எந்தக் கருவியிலும் அதே இடம் கிடைக்கும்.

சந்தாவே தேவைப்படாத தாள்களும் உண்டு. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளம் 2012 முதல் இயற்பியல், நுண்கணிதம், பொருளியல், உளவியல் எனத் தொடக்கநிலை நூல்களை இலவச பிடிஎஃப்பாகத் தருகிறது. அதற்குக் காலாவதி கிடையாது. முதலாண்டு அடிப்படைத் தாள்களுக்கு முதலில் அங்கே தேடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. நூலக மின்பிரதி இன்னொரு வழி, ஆனால் உரிமம் ஒருவருக்கா, மூவருக்கா, வரம்பில்லாததா என்று நூலகரிடம் கேளுங்கள். ஒருவர் மட்டும் திறக்கக்கூடிய பிரதி தேர்வு வாரத்தில் எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருக்கும். அப்படிப்பட்ட நூலை மூன்று வாரம் முன்பே படித்துக் குறிப்பெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.