தீபாவளிப் பலகாரமும் பிள்ளைகளின் பல்லும்

எங்கள் மகனுக்கு ஆறு வயது முடிந்திருந்த சமயம், பால் பல் எதுவும் விழாமலேயே கீழ்த்தாடையின் கடைசியில் ஈற்றைப் பிளந்துகொண்டு புதிய பல் ஒன்று தெரிந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால், பலகாரக் காலம் தொடங்கும் முன்பே அவனையும் மூன்று வயதை எட்டாத மகளையும் தருமபுரியில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.

அது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் என்றும், பால் பற்களுக்குப் பின்னால் தனியாக முளைப்பதால் பெற்றோர் பலர் அதையும் விழப்போகும் பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். பல்லைக் காற்றால் உலர்த்திக் கண்ணாடியில் காட்டியபோது, அதன் மேற்பரப்பில் பிரஷ்ஷின் நாரும் நுழைய முடியாத மெல்லிய பள்ளங்கள் ஓடுவதைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த பால் கடைவாய்ப்பல்லில், ஈற்றை ஒட்டி, சுண்ணாம்பு தொட்டு வைத்ததைப் போல ஒரு வெண்புள்ளி இருந்தது. அதுவே சொத்தையின் தொடக்கம் என்றும், குழி விழாத வரையில் அதை மீட்டுவிடலாம் என்றும் அவர் கூறியது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்து மெல்ல வேண்டிய பல் அது.

பள்ளங்களை அடைக்கும் பூச்சைப் போட, புதிய பல் முழுமையாக வெளிவர வேண்டும். எனவே அதுவரை பாதுகாப்பாக ஃபுளோரைடு வார்னிஷ் தடவலாம் என்றார். எங்கள் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பழுப்புக் கோடு விழுந்த பற்களோடு வளர்ந்தவர்கள் ஏராளம் என்பதால் எனக்கு அச்சம் எழுந்தது. அவர் முதலில் கேட்டதே எந்தத் தண்ணீரைக் குடிக்கிறோம் என்பதைத்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்தான் என்றேன். பல் உருவாகும் வயதில் அளவுக்கு மீறிய ஃபுளோரைடு தொடர்ந்து உடலுக்குள் போவதால் வருவது அந்தக் கறை என்றும், பல்லின் மேலே சிறிதளவு தடவும் வார்னிஷை அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை என்றும் பொறுமையாக விளக்கினார். பற்பசையைப் பொறுத்தவரை மகளுக்கு ஓர் அரிசி அளவும், மகனுக்கு ஒரு பட்டாணி அளவும் போதும். துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கத் தேவையில்லை. வார்னிஷ் தடவிய அன்று கெட்டியான உணவு கொடுக்காமல், மறுநாள் காலையில்தான் பல் துலக்கினோம்.

பண்டிகை நாட்களைப் பற்றி அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டு வழக்கத்தையே மாற்றியது. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தை உமிழ்நீர் தணிப்பதற்கு அரை மணி நேரம் அளவுக்குப் பிடிக்கிறது. ஆகவே ஒரே வேளையில் இரண்டு லட்டு தின்பதைவிட, ஒரு லட்டைக் கிள்ளிக் கிள்ளி மாலை வரை தின்பது பல்லுக்குக் கூடுதல் கேடு.

"நாளும் கிழமையுமா பிள்ளைங்க வாயைக் கட்டலாமாம்மா?" என்று அத்தை வருந்தினார். தடுக்கப்போவதில்லை, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப்போகிறோம் என்று விளக்கியதும், எவர்சில்வர் சம்படங்களைத் தாமே பரண்மேல் ஏற்றிவைத்தார். அக்கம்பக்கத்திலிருந்து வந்த தட்டுகளும் அங்கேயே போயின. விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்து தரும் லேகியமும் வெல்லப்பாகில் கிண்டியதுதான் என்பதால், குளிக்கும் முன்பே பல் துலக்கவைத்து, லேகியத்துக்குப் பின் வெந்நீர் குடிக்கக் கொடுத்தோம். பட்டாசு வெடிக்கும் இடைவெளிகளில் பசித்தால் வேகவைத்த நிலக்கடலையும் சுண்டலும் கிடைத்தன.

முறுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இனிப்பில்லை என்பதால் அதைக் கேட்டபோதெல்லாம் கொடுக்கலாம் என்று பலரும் எண்ணுகிறோம். அன்றிரவு மகனைத் தலை சாய்த்துப் படுக்கவைத்து, கைபேசி வெளிச்சத்தில் பால் கடைவாய்ப்பற்களின் இடுக்கில் மெழுகு நூலை விட்டு இழுத்தபோது, தேன்குழலின் மாவு குழைந்து பசையாக வந்தது. மாவுச்சத்தும் வாயில் தங்கினால் கிருமிகளுக்குத் தீனிதான். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைவதால், எவ்வளவு அசதியானாலும் இரவுத் துலக்கலை மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பெரும் அழுகைக்கு நடுவிலும் மகளின் பற்களை நானே துலக்கிவிட்டேன்.

பொங்கலுக்கு முன் மறுபரிசோதனைக்குச் சென்றபோது வெண்புள்ளி பரவியிருக்கவில்லை. சொரசொரப்பு நீங்கி அதன் மேற்பரப்பு வழவழப்பாகியிருந்தது. கீழ்க் கடைவாய்ப்பற்கள் இரண்டும் முழுமையாக வெளிவந்திருந்ததால், பஞ்சு வைத்து உலர்த்தி, பள்ளங்களில் பூச்சை ஓடவிட்டு, நீல ஒளியால் இறுகவைத்தார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. மேல் பற்கள் இன்னும் பாதி ஈற்றுக்குள் இருப்பதால் அவற்றுக்குப் பிறகு வரச் சொன்னார்கள். கரும்பு தரலாமா என்று மகனே மருத்துவரிடம் கேட்டான். பகல் சாப்பாடு முடிந்ததும் கடித்துவிட்டு, வாயைத் தண்ணீரால் நன்றாகக் கொப்பளிக்கும்படி அவர் அவனிடமே சொல்லி அனுப்பினார்.