கூப்பிடு தூரத்தில் பூமி

ஒரு விண்வெளிக் கதையை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்ட கலம் ஒன்றை நோக்கி ஒருத்தி கயிற்றைப் பிடித்தபடி மிதந்து போகிறாள். இன்னும் நூறடி இருக்கும் என்று நினைக்கிறாள். என் முதல் வரைவில் அது "இன்னும் 30.48 மீட்டர்" ஆகிவிட்டது. கணக்கு இம்மி பிசகவில்லை. ஓர் அடி என்பது 0.3048 மீட்டர்தான். மறுநாள் காலையில் படித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணையே காணவில்லை. இருட்டில், மூச்சு வாங்க, கண்ணளவாக ஒரு தூரத்தை மதிப்பிடுகிறவளுக்குச் சென்டிமீட்டர் எப்படித் தெரியும்?

"முப்பது மீட்டர் இருக்கும்" என்று மாற்றினேன். உயிர் வந்தது. இரண்டு அத்தியாயம் தள்ளித்தான் அவள் முன்பு விமானம் ஓட்டியவள் என்று வந்தது. இன்றைக்கும் உலகின் பெரும்பாலான வான்வெளியில் விமானம் பறக்கும் உயரத்தை அடியில்தான் சொல்கிறார்கள், மெட்ரிக் நாடுகளிலும் கூட. அவள் கண்ணுக்குள் இருப்பது அடி. திரும்பப் போய் "நூறடி" என்றே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து கதையில் எந்த அலகு வந்தாலும் இது யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். மெட்ரிக்கா (மீட்டர், லிட்டர்) இம்பீரியலா (அடி, பவுண்டு) என்ற பழைய வழக்கைவிட, எழுதுகிறவருக்கு இந்தக் கேள்விதான் அதிகம் உதவுகிறது.

இத்தனைக்கும் நான் மெட்ரிக் கட்சி. சொந்தமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாகப் பயணம் போகும் ஒரு கலம். அதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கலம் நிமிடத்துக்கு 2 சுற்று சுழன்றால், உள்ளே பூமியின் எடையோடு மனிதர்கள் நடமாட ஆரம் 224 மீட்டர் வேண்டும். தண்ணீர்த் தொட்டி 6 மீட்டர் நீளம், 4 அகலம், 3 உயரம். பெருக்கினால் 72 கன மீட்டர், அதாவது 72 டன், 72,000 லிட்டர். 120 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 600 லிட்டர். ஒரே வரியில் இடம், எடை, குடிநீர் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. அதே தொட்டியை அடியில் போட்டுப் பார்த்தேன். கன அடியை 62.4-ஆல் பெருக்கினால் பவுண்டு, 7.48-ஆல் பெருக்கினால் காலன். அதுவும் அமெரிக்கக் காலன், பிரிட்டிஷ் காலன் வேறு. அரைப் பக்கம் போனது, கதை நகரவில்லை. என் கலத்தின் பொறியாளர் லிட்டரில் பேசுவார் என்று அந்தப் பக்கத்தில்தான் முடிவு செய்தேன்.

கணக்கு போடும் இடத்தில் அலகு தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு, நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1998 டிசம்பரில் கிளம்பி ஒன்பது மாதம் பயணம் செய்த கலம். வழியில் அதன் சிறிய உந்திகள் அவ்வப்போது இயங்கின. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கணத்தாக்கு (விசையை அது இயங்கிய நேரத்தால் பெருக்கினால் வருவது) கிடைத்தது என்பதைத் தரையில் ஒரு மென்பொருள் கணக்கிட்டுக் கோப்பாகத் தந்தது. அது தந்தது பவுண்டு-விசை நொடியில். பாதையைக் கணக்கிட்டவர்கள் அதை மெட்ரிக் அலகான நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டார்கள். வித்தியாசம் 4.45 மடங்கு. ஒவ்வொரு தடவையும் மிகச் சின்ன விலகல். மாதக்கணக்கில் அது சேர்ந்துகொண்டே போனது. 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டரில் வர வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தது, பிறகு சிக்னல் வரவே இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். பெருக்கலில் தப்பில்லை, இயற்பியலில் தப்பில்லை. ஓர் எண் தன் அலகை வழியில் தொலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

(அங்குலமே இன்று மெட்ரிக்கின் பிள்ளைதான். 1959-லிருந்து ஓர் அங்குலம் என்றால் மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். பிரபஞ்சத்தில் தனியாக அங்குலத்துக்கென்று ஓர் அளவுகோல் கிடையாது.)

அப்படியானால் வேற்றுக்கிரகத்திலும் மீட்டர்தானா? இங்கேதான் எனக்கு ஆர்வம் கூடியது. வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரைக்கும் உள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு என்று 1791-ல் பிரெஞ்சுக்காரர்கள் தீர்மானித்ததுதான் மீட்டர். டெலாம்பர், மெஷேன் என்ற இருவர் டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை ஏழு ஆண்டு அளந்தார்கள். கிடைத்த மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குறைவு, அதையே வைத்துக்கொண்டோம். பிறகு, நொடியில் 299,792,458-ல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லும் தூரம் என்று 1983-ல் வரையறையை மாற்றினார்கள். ஆனால் அந்த விசித்திரமான எண்ணுக்குள் இன்னும் பூமியின் சுற்றளவு ஒளிந்திருக்கிறது.

ஒரு ராத்திரி உட்கார்ந்து மற்ற கோள்களுக்கு மீட்டர் செய்து பார்த்தேன். அதே விதிப்படி செவ்வாய்க்காரர்களின் மீட்டர் 53 சென்டிமீட்டர். நிலாக்காரர்களுடையது 27 சென்டிமீட்டர், நம் ஓர் அடிகூட இல்லை. கடல் மைல் இன்னும் அழகு. துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் கோட்டில் ஒரு கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தூரம் என்று பிறந்தது அது, நமக்கு 1,852 மீட்டர். செவ்வாயில் அதே ஒரு கலை 986 மீட்டர். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்! அங்கே குடியேறுகிறவர்கள் கடலே இல்லாத கோளில் கடல் மைலைப் புழக்கத்தில் வைத்திருந்தால் நான் நம்புவேன்.

வேற்றுக்கிரகவாசி வாயிலிருந்து "ஒளியாண்டு" என்று வரும்போது மட்டும் எனக்குப் பொறுக்காது. ஒளி பொது, ஆண்டு யாருடையது? பார்செக்கும் அப்படித்தான். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அடிக்கோடாக வைத்துக் கோணம் அளந்து பிறந்த அலகு அது. நமக்கு ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு, செவ்வாயில் உட்கார்ந்து அளந்தால் அது ஐந்தை நெருங்கிவிடும்.

நிஜத்தில் ஒரே ஒரு தடவை மனிதர்கள் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்து அழகாகக் கடந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். 1972-ல், சூரியக் குடும்பத்தைத் தாண்டிப் போகும் பயனியர் 10 கலத்தில் ஒரு தகடு பதித்து அனுப்பினார்கள். அதைக் கண்டெடுப்பவர் யாரோ, என்ன உடம்போ. மீட்டரும் அடியும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ஹைட்ரஜன் எங்கேயும் உண்டு. அந்த அணு தன் நிலையை மாற்றும்போது வெளிவரும் கதிரின் அலைநீளம் 21 சென்டிமீட்டர். அதுதான் தகட்டின் அலகு. ஆணும் பெண்ணும் நிற்கும் படத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நிற்கும் கோடு, மூன்று படுத்த கோடு. நிற்பது 1, படுத்தது 0, அதாவது 1000, இரும எண்ணில் எட்டு. எட்டு ஹைட்ரஜன் உயரம், 168 சென்டிமீட்டர். கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

நேரத்தைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். அமெரிக்க எழுத்தாளர் வெர்னர் விஞ்சி 1999-ல் எழுதிய நாவலில் விண்வெளி வணிகர்கள் மணியையும் நாளையும் விட்டுவிட்டுக் கிலோசெகண்ட், மெகாசெகண்ட் என்று பேசுவார்கள். கிலோசெகண்ட் என்றால் 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, மெகாசெகண்ட் பதினொன்றரை நாள். முப்பது பக்கம் போனதும் மொழிபெயர்க்காமலே புரிய ஆரம்பித்துவிடும். நிஜத்தில் செவ்வாய் ஊர்திகளை இயக்குகிறவர்களுக்கு அங்குள்ள ஒரு நாள் "சோல்". நம் நாளைவிட 39 நிமிடம் 35 நொடி கூடுதல். தேவை இருக்கும் இடத்தில் சொல் தானாக முளைக்கிறது.

என் கதைக்கும் அப்படி ஒரு சொல் வேண்டியிருந்தது. அது மொழிபெயர்ப்பிலிருந்தே வந்தது. அந்தப் பெண் கலத்தை நெருங்கும் இடத்தில் "கலம் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது" என்று எழுதியிருந்தேன். எழுதியதும் உறுத்தியது. காற்றே இல்லாத இடத்தில் என்ன கூப்பிடுவது? அடிக்கப் போனவள் பேனாவை நிறுத்தினேன். வானொலி இருக்கிறதே. நிலாவைக் கூப்பிட்டால் குரல் போய்ச் சேர ஒன்றேகால் நொடி ஆகும். செவ்வாய்க்கு, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம். விண்வெளியில் தூரம் என்பதே எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பதுதான். கலத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கிலோமீட்டரால் என்ன பயன்? அவர்கள் கால் நடந்த மிக நீண்ட பாதை, 224 மீட்டர் ஆரமுள்ள அந்த வட்டம், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

ஆகவே என் கலத்தில் பொறியாளர் லிட்டரும் டன்னும் பேசுகிறார். பூமியில் பிறந்து ஆறு வயதில் ஏறிய பாட்டி இன்னும் கிலோமீட்டர் என்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. அவளுக்குத் தூரம் என்றால் கூப்பிடுதான்.

"பாட்டி, பூமி எத்தனை கூப்பிடு?"

இந்த வரியை எழுதிவிட்டு நோட்டைத் திறந்தேன். ஒளியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு, அறுபது ஆண்டு. கலம் மூன்று ஒளியாண்டு வந்துவிட்டது. ஒரு சொல் போக மூன்று வருஷம், பதில் வர மூன்று வருஷத்துக்கு மேல். பேத்திக்குப் பெயர் வைத்த அன்று பாட்டி பூமிக்குச் செய்தி அனுப்பியிருந்தால் அதற்கான வாழ்த்து இப்போதுதான் வந்து சேரும்.

அந்த வாழ்த்து வரும் காட்சியைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.